இடது கைக்கு ஒரு பிடி அரிசி

ஆட்கள் மண்ணுக்கடியில் இறங்கிப் பொன் எடுத்த ஊர் அது. பொன் தீர்ந்து, ஆலைச் சங்கு ஊதுவது நின்று, ஆளை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டுகள் துருப்பிடித்துத் தொங்கிப்போன பிறகும் ஊர் மட்டும் கலையாமல், பாதிச் சனம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போவதும் ராத்திரி ரயிலில் திரும்புவதுமாக, மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில், ஊரின் மூணாம் லைனில், பதினோராவது வீட்டில், விசாகை என்பவளின் வலது கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிக்கொண்டது.

லைன் என்றால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ரயில் பெட்டிகள் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். மூணாம் லைனில் குடியிருந்தவர்கள், ஒரு காலத்தில் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டு, நின்று நின்று கால் கடுத்து, சரி உங்கள் வாசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திரும்பி நடந்து புத்தரிடம் போய்ச் சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். லைன் முனையில் அவர்களே கல் சுமந்து கட்டிய சின்ன விகாரம் இருந்தது. அதன் சுவரில் முதன்முதலில் பஞ்சசீலம் ஏற்றுக்கொண்ட ஆளின் படம் மாட்டியிருந்தது. அவர் விசாகையின் தாத்தா. இதை விசாகை யாரையும் மறக்க விட்டதில்லை. புதிதாக யார் வந்தாலும் முதலில் புத்தரைக் காட்டுவாள், அடுத்து தாத்தாவைக் காட்டுவாள், அப்புறம் விகாரத்து மகளிர் சங்கத் தலைவி யார் என்று அவர்களே கேட்கும் வரை நகரமாட்டாள்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது, பிள்ளை இல்லை. பின்கட்டில் ஒரு கறிவேப்பிலை மரம், ஒரு ஏணி, கோடையிலும் வற்றாத ஒரு ஆழ்துளைக் குழாய், எல்லாம் இருந்தன. ஆனால் யார் எதைக் கேட்டு வந்தாலும் வாயிலிருந்து முதலில் வருவது 'இல்லை' என்ற சொல்தான். மரத்தைப் பார்த்துக்கொண்டே கறிவேப்பிலை இல்லை என்பாள். கெட்டவள் என்று அவளைச் சொல்லிவிட முடியாது. அவளுக்கு எட்டு வயதில் அப்பா சுரங்கத்துக்குள் போனவர் வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவள் அம்மா அரிசிப் பானையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதை அந்தக் கை அப்போது கற்றுக்கொண்டது. பிறகு வேறு எதையும் கற்றுக்கொள்ள அதற்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

விகாரத்துக்குப் பிடியரிசி போடும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. உலை வைக்கும் முன்னால் ஒரு பிடி அரிசியை ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் டப்பாக்களை வாங்கி, பௌர்ணமியன்று எல்லாருக்குமாகச் சோறு ஆக்குவார்கள். டப்பா வாங்க வீடு வீடாகப் போகிறவள் விசாகைதான். அவளுடைய டப்பாவில் விழும் பிடி மட்டும் சின்னப் பிள்ளையின் பிடி அளவுக்குத்தான் இருக்கும். அன்றைக்கு அவள் மூட்டைக்குள் கையை விட்டாள். ஏதோ நினைவில் அள்ளியது கொஞ்சம் தாராளமாகவே வந்துவிட்டது. டப்பாவுக்கு மேலே கையை நீட்டியவள், பாதியைத் திரும்ப மூட்டையில் போட்டுவிடலாம் என்று நினைத்தாள். கை திறக்கவில்லை. மூட்டைக்கு மேலே கொண்டுபோனாள், அங்கேயும் திறக்கவில்லை. வெந்நீரில் முக்கினாள், எண்ணெய் விட்டாள், இடது கையால் ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தாள். விரல்கள் வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. பிடித்ததை விடமாட்டேன் என்று சும்மா உட்கார்ந்திருந்தன.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எலும்புகளுக்கு நடுவே அரிசிகள் ஒவ்வொன்றாக, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்துவிட்டு, பச்சரிசியா புழுங்கலா என்று கேட்டார். புழுங்கல் என்று விசாகை சொன்னாள். அவர் அதையும் சீட்டில் எழுதி, இரண்டு வாரம் கழித்து வரச்சொன்னார்.

லைன் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. ஆயிரக்கணக்கான அடி பூமிக்குள் இறங்கி, அங்கே பாறை பெருமூச்சு விடுவதைக் கேட்டு, மேலே வந்து குளித்துச் சாப்பிட்டவர்களின் வீடுகள் அவை. கை மூடிக்கொண்டதாம் என்றார்கள், பாவம் ஒண்டிக்கட்டை என்றார்கள், ரவிக்கைக் கொக்கியை யார் போட்டுவிடுவது என்று யோசித்தார்கள். கூட்டம் போடாமல், பட்டியல் எழுதாமல் முறை ஒன்று தானாக உண்டானது. முதல் வீட்டுக்காரி தலை வாரிப் பின்னிவிட்டாள், ஆறாம் வீட்டுக்காரி துணி பிழிந்து போட்டாள், எட்டாம் வீட்டில் காய் நறுக்கிக் கொடுத்தார்கள். விசாகை ஒவ்வொரு தடவையும், நானே பார்த்துக்குவேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வந்தவர்களும், ஆமாம்க்கா உங்களால முடியாததா என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்துவிட்டுப் போவார்கள்.

ரவிக்கைக் கொக்கி போட வந்தவள் பக்கத்து வீட்டு பிரபாவதி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பிரபாவதி பெங்களூரில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் மிஷினில் உட்காருகிறவள். ஐந்தேகால் ரயிலைப் பிடிக்க நாலு மணிக்கே எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு ஓடுவாள். அவள் புருஷன் தம்மராஜ் சுரங்கம் மூடும் வரை உள்ளே வேலை பார்த்தவன். பாறைத்தூள் நெஞ்சில் படிந்து இப்போது அவனால் வாசல் வரைகூட ஒரே மூச்சில் வர முடியாது. அவன் இருமல் சுவர் வழியாக விசாகையின் தலையணைக்கே வந்துவிடும். விசாகை சுவரில் தட்டுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், புத்தர் பிறந்த வைசாகப் பௌர்ணமியன்று, விகாரத்தில் முதல் விளக்கை ஏற்றும் மரியாதையைச் சங்கத்துப் பெண்கள் பிரபாவதிக்குக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தட்டல் கொஞ்சம் பலமாக விழுந்தது. இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

நாலரை மணி இருட்டில் பிரபாவதி வந்து, கதவைத் திறந்தவளைத் திருப்பி நிறுத்தி, ஐந்து கொக்கிகளையும் போட்டு, முந்தானையை மடித்துக் குத்திவிட்டாள். விசாகைக்குச் சும்மா இருக்க முடியவில்லை. எனக்காக நீ ரயிலை விட்டுட வேணாம் என்றாள்.

"உங்களுக்காக இல்லக்கா. என் முறை வந்துச்சு, வந்தேன்" என்று சொல்லிவிட்டு பிரபாவதி சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

ஒன்பதாம் நாள் விகாரத்துப் பிக்கு அவளைப் பார்க்க வந்தார். ஊரில் அவரைப் பந்தே என்று கூப்பிடுவார்கள். வயது முப்பது தாண்டாது. ஆம்பூர்ப் பக்கம் தோல் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு, வருஷம் பூராவும் விடாத ஒரு ஜலதோஷத்தோடு துறவுக்கு வந்தவர். மூடிய கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், மூக்கை உறிஞ்சினார், பிறகு கூச்சத்தோடு சொன்னார்.

"அம்மா, இத இடது கைக்குக் குடுத்துப் பாருங்க."

"ரெண்டும் என் கைதானே பந்தே. அதுல இன்னா தானம் இருக்குது?"

"ரெண்டும் உங்களுதுதானே. அப்ப குடுக்கிறதுக்கு இன்னா கஷ்டம்?"

கொடுக்கவே மனசு வராதவர்களுக்கென்று பழைய காலத்திலிருந்து ஒரு பழக்கம் இருப்பதாகவும், ஒரு கையிலிருந்து மறு கைக்குக் கொடுத்துக் கொடுத்தே ஆரம்பிப்பார்களென்றும், தான் அதைப் படித்திருப்பதோடு சரி, ஒரு கை தானே பள்ளிக்கூடம் திறந்து உட்கார்ந்ததை இப்போதுதான் பார்ப்பதாகவும் அவர் சொன்னார். கொடுக்கும்போது 'வச்சிக்கோ' என்று சொல்லுங்கள், மனசோடு சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றார். மனசு வராதவர்கள் என்று அவர் சொன்னது விசாகையின் காதில் நின்றுவிட்டது. மகளிர் சங்கத் தலைவியிடம், அந்தத் தாத்தாவின் பேத்தியிடம், நேற்று வந்த பிக்கு அப்படிச் சொல்லலாமா என்று இரண்டு நாள் பொருமினாள். பொருமிக்கொண்டே வலது கையை இடது கைக்கு மேலே வைத்து 'வச்சிக்கோ' என்றாள். கை அசையவில்லை. சத்தமாகச் சொன்னாள், அதட்டினாள். அப்போதும் அசையவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேறு பார்க்க ஒன்றுமில்லாமல், காத்துக்கொண்டு மல்லாந்து கிடந்த இடது கையைப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் அந்தக் கையை அவள் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. சாம்பல் போட்டு விளக்கி விளக்கி அதன் நகங்கள் தேய்ந்திருந்தன. வலது கை கத்தி பிடிக்க, அது காயைப் பிடித்து வெட்டு வாங்கிய தழும்புகள் ஏழெட்டு இருந்தன. மோதிரம் வலது கைக்குத்தான் போட்டாள், வாங்கியதும் கொடுத்ததும் சாப்பிட்டதும் வலது கைதான். காலம் பூராவும் கழுவிவிடுகிற வேலையைச் செய்துவிட்டு இந்தக் கை முந்தானைக்குள் மறைந்துகொண்டிருந்தது. விருந்தில் ஒரு நாளும் அதற்கு இலையில் இடம் இருந்ததில்லை. விசாகை வலது கையை அதன் மேலே கொண்டுபோய் வைத்தாள்.

"வச்சிக்கோ" என்றாள். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

வலது கை திறந்தது. அரிசி ஒன்றுகூடச் சிந்தாமல் இடது கைக்குள் இறங்கியது. பன்னிரண்டு நாளாகியும் ஈரம் ஏறாத, வெதுவெதுப்பான அரிசி. இடது கை அதை வாங்கி, மெதுவாக, ஏதோ கிடைக்காதது கிடைத்தது மாதிரி மூடிக்கொண்டது.

அதோடு தொந்தரவு தீரவில்லை. அரிசி இப்போது இடது கையில் இருந்தது, இடது கையும் திறக்கவில்லை. வலது கைக்கு விடுதலை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவள், மறுநாள் காலைக்கடனுக்குப் போன இடத்தில்தான் நிலைமையை உணர்ந்தாள். இடது கை அரிசியை வைத்துக்கொண்டு ராணி மாதிரி இருந்தது. அதன் வேலையை மோதிரம் போட்ட கைதான் செய்தாக வேண்டும். வேறு வழியில்லை. செய்தது. மோதிரத்தைக் கழற்றிச் சோப்பு மாடத்தில் வைத்துவிட்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றாள்.

பிறகு அது நாள் வழக்கமாகிவிட்டது. காலையில் வலது இடதுக்குக் கொடுக்கும், சாயங்காலம் இடது வலதுக்குக் கொடுக்கும். மனசில்லாமல் கொடுத்தால் நடக்காது. ஏதோ கடமைக்கு என்று சொன்னால் விரல் நகராது. பல நாள் அரைமணி நேரம் உட்கார்ந்து, வாங்கப்போகிற கையை நன்றாகப் பார்த்து, அது பட்டதையெல்லாம் நினைத்துப் பார்த்த பிறகுதான் திறக்கும். இதை லைனில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கவில்லை. எட்டாம் வீட்டுக்காரி ஒரு உருளைக்கிழங்கை வலது கையிலிருந்து இடது கைக்குக் கொடுத்துப் பார்த்தாள். கை ஒட்டவும் இல்லை, ஒன்றும் இல்லை, ஆனால் காரணம் தெரியாமல் அழுகை வந்தது என்று தண்ணீர்க் குழாயடியில் சொன்னாள். மறுநாள் நாலு பேர் கொடுத்துப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் ஒவ்வொரு தம்ளரையும் கை மாற்றி, ஒரு நொடி நின்று, பிறகு நீட்டினார். டீ ஆறிப்போகிறதென்று முதலில் சத்தம் போட்டவர்கள் பிறகு அந்த ஒரு நொடிக்காகவே வந்தார்கள். அண்ணன் தம்பி இருவர் ஏழு வருஷமாகப் பேசாமல் இருந்தார்கள். தம்பி ஒரு வெங்காயத்தைக் கை மாற்றிக்கொண்டே அண்ணன் வீட்டு வாசல் வரை நடந்து, அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் வெங்காயத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தான். பௌர்ணமிக் கூட்டத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு காயைக் கையில் வைத்துக்கொண்டு மாற்றினார்கள். கூட்டம் முடிந்ததும் காயெல்லாம் சாம்பாரில் விழுந்தது. அந்தச் சாம்பாரின் ருசியைப் பற்றி அடுத்த லைன்வரை பேச்சு போனது.

பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. இடது கையால் கொடுப்பதும் வாங்குவதும் மரியாதையா, விகாரத்தில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலையா இது என்று கேட்டார்கள். தம்மராஜ் அன்றைக்கு எப்படியோ நடந்து வந்து சுவரோரமாகச் சாய்ந்திருந்தான். நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினான்.

"இந்த ஊரு... நம்மளத்தானே ரொம்ப காலம் இடது கையா வச்சிருந்தது. கழுவறதுக்கு நாம, விருந்துக்கு அவங்க. இப்ப நம்ம இடது கைய... நாமளே தள்ளி உக்காரச் சொல்லலாமா?"



விசாகைக்குப் பெயர் பரவியது. அடுத்த ஊர்களிலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களுக்கு முதலில் புத்தரைக் காட்டினாள், பிறகு தாத்தாவைக் காட்டினாள், பிறகு கையைக் காட்டினாள். வைசாகம் வந்தது. மைதானத்தில் மேடை போட்டு, விசாகையம்மாள் கை மாற்றுவார் என்று நோட்டீஸ் அடித்தார்கள். வெள்ளைப் புடவை கட்டி மேடை ஏறி, மைக்குக்கு முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி, கூட்டத்தை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்து, 'வச்சிக்கோ' என்றாள். ஒலிபெருக்கிகள் நாலும் 'வச்சிக்கோ' என்றன. கை திறக்கவில்லை. இன்னொரு முறை சொன்னாள். வெயில் ஏறியது, குழந்தைகள் தண்ணீர் கேட்டு அழுதன. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கடைசியில் பிரபாவதி மேடையில் ஏறி, உயர்ந்து நின்ற அந்த மூடிய கையின் மேல் தன் முந்தானையைப் போட்டு மூடி, வாங்கக்கா, சோறு ஆறுது என்று மட்டும் சொல்லி, தோளைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனாள்.

வீட்டுக்குள் வந்ததும் கொக்கிகளைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்தவளிடம், முதுகைக் காட்டிக்கொண்டே விசாகை கேட்டாள். இவ்வளவும் எனக்கு எதற்குச் செய்கிறாய், உனக்கு நான் ஒரு கறிவேப்பிலை கொடுத்திருப்பேனா, ராத்திரியெல்லாம் சுவரில் தட்டியவள்தானே நான் என்றாள். பிரபாவதி அடுத்த கொக்கியைக் கழற்றினாள்.

"நீங்க தட்டுனா அவரு தலையாணிய எடுத்து வாயில அழுத்திக்குவாரு. உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னு. மூச்சே இல்லாத மனுசன் அக்கா... அதுதான் எனக்குத் தாங்காது. மத்தபடி உங்க மேல இன்னா இருக்குது எனக்கு."

பிரபாவதி போன பிறகு விசாகை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருமல் கேட்டது. நடுவில் அமுங்கியது. அமுங்கிய இடத்தில் தலையணை இருக்கிறது என்று இப்போது அவளுக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலம் அவளாகவே விகாரத்துக்கு நடந்தாள். முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த பந்தேயிடம், கை கிடக்கட்டும், பக்கத்து வீட்டில் ஒரு மனுஷனுக்கு மூச்சு இல்லை, அதற்கு ஏதாவது பழக்கம் உண்டா என்று கேட்டாள். அவர் துடைப்பத்தை ஓரமாக வைத்தார்.

"மூச்சு உள்ள வரும்போது அவரோட கஷ்டம் என்கிட்ட வரட்டும்னு நெனைங்க. வெளிய விடும்போது என்கிட்ட இருக்கிற நல்லது அவருக்குப் போகட்டும்னு விடுங்க."

"நெசமாவே வந்துட்டா?"

"வராதும்மா. வந்துடுமோன்னு ஒரு பயம் இருக்குது பாருங்க, அதுதான் போகும்."

அன்றிலிருந்து அவள் சுவரோரம் உட்கார்ந்து மூச்சு விட்டாள். முதல் நாள் பயந்து பயந்து, மூக்கின் நுனியிலேயே நிறுத்திக்கொண்டாள். நாலாம் நாள் கொஞ்சம் உள்ளே விட்டாள். ஒரு மாதத்தில், அந்தப் பக்கம் இருமல் கிளம்பும்போது இந்தப் பக்கம் இவள் நெஞ்சு தானாக விரிந்துகொடுத்தது. ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்து, ஆக்சிஜன் மிஷின் ஒன்று அந்த வீட்டுக்கு வந்தது. பகல் பூராவும் அது உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலைக் கேட்டுக்கொண்டே விசாகை வேலை பார்த்தாள். கை மாற்றுவதைப் பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. அவளும் யாரையும் கூப்பிடுவதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, பதினோரு மணி வாக்கில் கரண்ட் போனது. மின்விசிறி நிற்பதற்கு முன்னால் சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் நின்றதை விசாகை கேட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இருமலும் வரவில்லை. பின்கதவு வழியாக ஓடினாள். தம்மராஜ் கட்டிலிலிருந்து நழுவித் தரையில் கிடந்தான். உதடு நீலமாகிவிட்டது. கண் மட்டும் திறந்து, எதையோ எட்டிப் பிடிப்பதைப் போல ஒரு கை காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்கு வந்து, எதிர்வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அவனைப் பின்பக்கமிருந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் அவள் வேறொன்றும் செய்யவில்லை. அவன் இழுக்கிற மூச்சோடு இழுத்தாள், விடுகிறபோது விட்டாள். அவன் இழுப்பு நடுவில் தடைப்பட்டு நிற்கும்போது, 'ம், இன்னொண்ணு, இன்னொண்ணு' என்று காதருகில் சொன்னாள். 'வரட்டும், என்கிட்ட வரட்டும்' என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு அதைச் சொல்லவும் மறந்தாள். துழாவிக்கொண்டிருந்த அவன் கை அவள் கையைக் கண்டுபிடித்து இறுக்கிக்கொண்டது. அவள் வியர்வை அவன் சட்டையை நனைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நெஞ்சுதான் ஏறி இறங்குகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்த எதிர்வீட்டுப் பெரியவர் பிறகு சொன்னார்.

கம்பெனியில் சொல்லிவிட்டு, கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே பிரபாவதி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது மணி நாலு. தம்மராஜ் முகத்தில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தான். பிழைத்துக்கொண்டான் என்று நர்ஸ் சொன்னாள். பிரபாவதி புருஷன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வராண்டாவில் நின்றுகொண்டிருந்த விசாகையிடம் வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, உங்க கை."

விசாகை குனிந்து பார்த்தாள். ஒரு கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தது, இன்னொரு கையில் அவனுக்காக வாங்கிய ரொட்டி இருந்தது. இரண்டையும் எப்போது வாங்கினோம், எந்தக் கையால் கையெழுத்துப் போட்டோம் என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

அரிசி தம்மராஜ் வீட்டுத் தரையில் சிந்திக் கிடந்ததை லைன் பெண்கள் பார்த்தார்கள். நாலு மாதமாகக் கைக்குள் இருந்த அரிசி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு விகாரத்தில் வைக்கலாமா, பௌர்ணமிச் சோற்றில் கலக்கலாமா என்று வாசலில் நின்று பேசினார்கள். பேசி முடித்து உள்ளே போனபோது எறும்புகள் அதைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகச் சாரை போய்க்கொண்டிருந்தன. கடைசிச் சில அரிசிகள் விரிசலுக்குள் நுழைவதை எல்லாரும் நின்று பார்த்தார்கள். சரி, அதுங்களுக்கும் வேணும்தானே என்று ஆறாம் வீட்டுக்காரி சொன்னாள். கை எப்போது திறந்தது என்று பல நாள் ஊர் விசாகையைக் கேட்டுக்கொண்டிருந்தது. தெரியாது என்றாள். இவ்வளவு பெரிய விஷயம் நடந்தபோது கவனிக்காமல் விட்டுவிட்டாளே என்று சிலருக்கு அவள் மேல் வருத்தமாகக்கூட இருந்தது. பந்தே மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்.

அதற்காக விசாகை ஒரேயடியாக மாறிவிடவில்லை. ஏணி கேட்டு வந்தால் இன்னமும் வாயில் முதலில் வருவது 'இல்லை'தான். வந்தவர் நாலு எட்டு நடப்பதற்குள், இருங்க, இருக்குது என்று கூப்பிடுவாள். லைனில் எல்லாரும் அந்த நாலு எட்டை நிதானமாக எடுத்து வைக்கப் பழகிக்கொண்டார்கள். பகலில் தம்மராஜைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். அவனுக்கு மூச்சு முன்னைவிடக் குறைந்துகொண்டுதான் வந்தது. இன்னும் எத்தனை மாதம் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை தூறிக்கொண்டிருந்தது. தம்மராஜ் அந்தப் பக்கம் தூங்கினான். பிரபாவதி குழம்புக் கிண்ணம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், ஒரு நிமிஷம் உட்காருகிறேன் என்று விசாகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கம்பெனியில் புது சூப்பர்வைசரைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொண்டே குரல் தேய்ந்தது, தலை சரிந்து விசாகையின் மடியில் விழுந்தது. பதினோரு வருஷமாக நாலு மணிக்கு எழுந்தவளின் தூக்கம் அது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. விரல் நுனிகளில் ஊசி குத்திய புள்ளிகள் இருந்தன. விசாகை அடுப்பில் பால் வைத்திருந்தாள். பால் பொங்கி, வழிந்து, அடுப்பில் சீறும் சத்தம் கேட்டது. தீய்ந்த வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை. குரல் கொடுத்து எட்டாம் வீட்டுக்காரியைக் கூப்பிட்டிருக்கலாம், அதற்கு இவள் விழித்துக்கொள்வாள். எட்டாம் வீட்டுக்காரியே வாசனை பிடித்து வந்து, பார்த்து, ஓசைப்படாமல் அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள்.

மழை வலுத்து, ஓய்ந்து, மறுபடி பிடித்தது. பிரபாவதி அசையவில்லை. மடிக்குக் கீழே கால் ஒன்று மரத்துப்போய், எறும்பு ஊர்ந்து, அதுவும் அடங்கிவிட்டது. பாவம், இப்படி மடங்கிக் கிடந்தால் கால் வலிக்காதா இவளுக்கு என்று நினைத்து விசாகை கையை நீட்டி அந்தக் காலை மெதுவாகப் பிடித்துவிடத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் பிடித்துவிட்ட பிறகுதான் அது தன்னுடைய கால் என்று அவளுக்குத் தெரிந்தது.